ஐந்தாம் மாதத்திலிருந்தே காப்பு வேண்டும்: மரக்காணம் உப்பளப் பெண்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசு, ஒன்றிய அரசின் உப்புத் துறை, விழுப்புரம் மாவட்ட நிர்வாகம், மரக்காணம் உப்பள உரிமையாளர்கள், குத்தகைதாரர்கள், உப்பிட்டு உண்ணும் பொதுமக்கள் அனைவரும்.

முகவுரை

நாங்கள் மரக்காணம் உப்பளங்களில் கூலி வேலை செய்யும் பெண்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையிலிருந்து புதுச்சேரி போகிறவர்கள் எங்களைப் பார்த்திருப்பார்கள். பக்கிங்காம் கால்வாயை ஒட்டிச் சுமார் 3,000 ஏக்கரில் விரிந்து கிடக்கும் பாத்திகளில் உப்பு வாருகிறோம். வாரிய உப்பைக் கூடையில் அள்ளி, தலையில் சுமந்து, வரப்பில் நடந்து, மேட்டில் கொட்டி அம்பாரமாகக் குவிக்கிறோம். இந்த நிலத்தில் ஒன்றிய அரசுக்குச் சொந்தமானதும் உண்டு, தனியாருடையதும் உண்டு. குத்தகைக்கு எடுத்தவர், அவருக்குக் கீழே மேஸ்திரி, மேஸ்திரிக்குக் கீழே நாங்கள்.

தை, மாசியில் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்துவதில் தொடங்கும் வேலை, வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசி வரை நடக்கும். அந்த எட்டு ஒன்பது மாதக் கூலியில்தான் பன்னிரண்டு மாதமும் அடுப்பு எரிய வேண்டும். பத்து மாதம் சுமக்கும் வயிறு இந்தப் பருவத்துக்குள் எப்படியும் வந்து சேர்ந்துவிடும். புள்ளைத்தாச்சியாக உப்பு சுமக்காத பெண் எங்கள் தெருக்களில் அரிது.

உப்பளத் தொழிலாளரின் குறைகள் பல. கூலி, வீடு, பட்டா, கண்பார்வை, கால் வெடிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி மனு எழுதலாம். இந்தச் சாசனம் ஒன்றை மட்டும் பேசுகிறது: கர்ப்பத்தின் நடுப்பகுதி, அதாவது ஐந்தாம் மாதமும் ஆறாம் மாதமும். அந்த இரண்டு மாதங்களில்தான் எங்களை யாரும் காப்பதில்லை.

எங்கள் நிலை

முதல் மூன்று மாதம் மசக்கை. வாந்தியும் மயக்கமும் இருப்பதால் வீட்டாரே வேலைக்கு அனுப்பத் தயங்குவார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு. வளையல் போட்ட பிறகு தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். அதன்பின் எந்த மேஸ்திரியும் கூடை எடுக்கச் சொல்வதில்லை. இடைப்பட்ட ஐந்தாம் மாதத்தில் மசக்கை தெளிந்து, சோறு இறங்கி, முகத்தில் தெளிவு வந்திருக்கும். வயிறு சேலைக்குள் அடங்கும். "தெம்பாத்தானே இருக்கே, வாயேன்" என்று களத்திலிருந்து ஆள் வரும். வளைகாப்புக்கும் பேறுகாலத்துக்கும் காசு சேர்க்க வேண்டுமே என்று நாங்களும் போவோம். ஒரு கர்ப்பிணி மிக அதிகமாக உழைப்பது அந்த நாட்களில்தான்.

உடம்புக்குள் நடப்பதோ வேறு. ரத்தத்தின் அளவு ஏறிக்கொண்டே போய்ப் பேறுகாலத்துக்குள் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. இதயம் அதற்கேற்பக் கூடுதலாக வேலை செய்கிறது. வயிறு முன்தள்ள, உடம்பின் நிலை மாறி இடுப்பிலும் முதுகிலும் பாரம் இறங்குகிறது. தாயின் உடல் சூட்டைவிடக் கருவின் சூடு சுமார் அரை டிகிரி செல்சியஸ் கூடுதலாகவே இருக்கும். தாய் கொதித்தால் பிள்ளையும் கொதிக்கும்.

இந்த உடம்போடு நாங்கள் நிற்கும் இடம் எது? மேலே வெயில். கீழே கணுக்கால் வரை உப்புநீர். சுற்றிலும் வெள்ளை உப்பு. வெளிச்சம் கீழிருந்தும் கண்ணில் அடிக்கும். விடியுமுன் களத்தில் இறங்கினாலும் நேரம் ஏற ஏற ஒதுங்க நிழல் கிடையாது. உப்பு மண்ணில் மரமும் புதரும் வளராது என்பதால் மறைவும் கிடையாது. ஆண்கள் வரப்போரம் ஒதுங்கிவிடுவார்கள். நாங்கள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பும்வரை சிறுநீரை அடக்குகிறோம். அடக்க வேண்டியிருப்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைக்கிறோம். நீர்ச்சத்து குறைகிறது, சிறுநீர்த் தொற்று வருகிறது. கர்ப்ப காலத்தில் அந்தத் தொற்று முற்றினால் குறைமாதப் பிரசவம் வரை கொண்டுபோய் விடும் என்று நர்சம்மா சொல்கிறார். அவர் சொல்வது உண்மை. அதைக் கேட்டு நடக்கத்தான் களத்தில் வழியில்லை.

வயிற்றில் பிள்ளை முதன்முதலாக அசைவது ஏறக்குறைய நான்காம் மாதக் கடைசியிலிருந்து ஐந்தாம் மாதம் முடிவதற்குள். களத்துப் பெண் அதை உணரும்போது அவள் தலையில் பெரும்பாலும் கூடை இருக்கும். வரப்பு ஒற்றை ஆள் நடக்கும் அகலம். பின்னால் கூடையோடு வருகிறவள் காத்துக்கொண்டிருப்பாள். ஒரு நிமிடம் நின்று வயிற்றைத் தொட்டுப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. அம்பாரத்தில் கொட்டிவிட்டு வெறுங்கூடையோடு திரும்பும்போதுதான் வலப்புறமா, இடப்புறமா என்று நினைத்துப் பார்க்கிறாள்.

ஆய்வுகள் சொல்வது

நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் 2017இல் தொடங்கி, தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற வெப்பம் மிகுந்த இடங்களில் வேலை செய்தவர்கள். 2024இல் வெளியான முடிவின்படி, வெப்பத்தில் உழைத்தவர்களில் 100க்கு 5 பேருக்குக் கருச்சிதைவு நேர்ந்தது. மற்றவர்களில் அது 100க்கு 2. அதே நிறுவனத்தார் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பேர் உடம்பு தாங்கும் வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்வது தெரியவந்தது. 100க்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் செயல்பாடு குறைந்திருந்தது.

ரத்தசோகையும் இதோடு சேர்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை உண்டு. அதே ஆய்வு, இம்மாநிலத்தில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடப்பதாகவும் சொல்கிறது. பெருமைப்பட வேண்டிய சாதனை அது. அந்த நல்ல மருத்துவமனைக்கு நாங்கள் எந்த உடம்போடு வந்து சேர்கிறோம் என்பதே எங்கள் கேள்வி.

சட்டம் எங்கே நிற்கிறது

அரசியலமைப்புச் சட்டத்தின் 42ஆம் உறுப்பு, மனிதத்தன்மையுள்ள வேலை நிலைமைக்கும் பேறுகால உதவிக்கும் அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு 26 வாரச் சம்பள விடுப்பு தந்தது. அந்த உரிமைகள் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளன. ஆனால் பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடிய விடுப்பு அதிகபட்சம் 8 வாரம். கடின வேலை தரக்கூடாது என்ற விதியும், பேறுநாளுக்கு ஆறு வாரத்துக்கு முந்தைய ஒரு மாதத்திலிருந்தே தொடங்குகிறது. அதுவும் பெண் தானே கேட்டால்தான். கணக்குப் போட்டால் அது ஏறக்குறைய 30ஆவது வாரம். ஊர்வழக்கம் ஏழாம் மாதத்தில் காக்கத் தொடங்குகிறது. சட்டமும் அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய மாதங்களில் சுமையைத் தடுக்க எதுவும் இல்லை.

இருக்கும் சட்டமும் எங்கள் கைக்கு வருவதில்லை. ஓராண்டில் 80 நாள் வேலை செய்ததைக் காட்ட வேண்டும். களத்தில் வருகைப் பதிவேடு இல்லை. கூலி மேஸ்திரியின் கையிலிருந்து எங்கள் கைக்கு வருகிறது, காகிதத்தில் ஏறுவதில்லை. தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு உரிமை உண்டு என்று தில்லி மாநகராட்சி மஸ்டர் ரோல் பெண் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் மீண்டும் உறுதிசெய்தது. தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு தருகிறது. அதை வரவேற்கிறோம். அதே மாநிலத்தில் உப்பு சுமக்கும் பெண்ணுக்குக் கூலியோடு ஒரு நாள் விடுப்புகூட இல்லை.

எங்கள் கோரிக்கைகள்

1. ஐந்தாம் மாதம் பிறந்ததும் தலைச்சுமைக்குத் தடை. கர்ப்பம் 16 வாரம் கடந்த பெண்ணுக்கு உப்புக்கூடை சுமத்தல், பாத்தி மிதித்தல், உப்புநீரில் நின்று வாருதல் ஆகிய வேலைகளைத் தரக்கூடாது. அவள் கேட்டால்தான் என்ற நிபந்தனை வேண்டாம். கேட்டால் மறுநாள் வேலை போய்விடும் என்று அஞ்சுகிறவளிடம் அந்த நிபந்தனையை வைப்பதில் பொருளில்லை. தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலுக்கென இதைத் தனி ஆணையாக வெளியிட வேண்டும்.

2. கூலி குறையாத மாற்று வேலை. பொட்டலம் கட்டுதல், மூட்டை தைத்தல், எடைக்கணக்கு எழுதுதல், நிழற்கூடத்தில் குடிநீர் பார்த்துக்கொள்ளுதல் என்று உட்கார்ந்து செய்யும் வேலைகள் உப்புத் தொழிலில் உள்ளன. அவற்றில் கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும். மாற்று வேலை இல்லாத களத்தில், அவள் இழக்கும் கூலியை ஐந்தாம் மாதம் முதல் பேறுகாலம் வரை அரசும் உரிமையாளரும் பகிர்ந்து தர வேண்டும். கூலியை விட்டுவிட்டு ஓய்வெடு என்று சொல்வது எங்கள் வீட்டில் செல்லாது.

3. வருகைப் பதிவும் அடையாள அட்டையும். ஒவ்வொரு களத்திலும் பெயர், நாள், கூலி மூன்றும் எழுதிய பதிவேடு இருக்க வேண்டும். மேஸ்திரி வழியாக வருகிறவர்களின் பெயரும் அதில் ஏற வேண்டும். உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் விடுபட்ட பெண்கள் அனைவரையும் களத்திலேயே முகாம் நடத்திப் பதிவு செய்ய வேண்டும். ஒன்றிய அரசின் உப்பு நிலத்தைக் குத்தகைக்குத் தரும்போதும் புதுப்பிக்கும்போதும் இப்பதிவேட்டை நிபந்தனையாக்க வேண்டும். பதிவேடு இல்லாத குத்தகையைப் புதுப்பிக்கக் கூடாது.

4. கழிப்பறை, குடிநீர், நிழல். நடந்து போகும் தூரத்தில் பெண்களுக்கான கழிப்பறை, தண்ணீர் வசதியோடு வேண்டும். பூட்டிக் கிடக்கும் கட்டடம் வேண்டாம். துப்புரவுக்கு ஆளும் சம்பளமும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். களத்துக்குக் களம் நல்ல குடிநீரும், கர்ப்பிணி கால் நீட்டிப் படுக்க இடமுள்ள நிழற்கூடமும் வேண்டும்.

5. வெயில் நாளுக்குக் கூலி. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இறந்தபின் தரும் தொகையை மதிக்கிறோம். இறக்காமல் இருக்க வழி கேட்கிறோம். வானிலைத் துறை வெப்ப எச்சரிக்கை விடும் நாட்களில் கர்ப்பிணிகள் களத்தில் இறங்கத் தேவையில்லை, கூலி உண்டு என்ற விதி வேண்டும்.

6. ஐந்தாம் மாதப் பரிசோதனை களத்துக்கு வர வேண்டும். கருவின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்க வேண்டியது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீர்த் தொற்று எல்லாவற்றுக்கும் இந்த மாதங்களின் பரிசோதனை முக்கியம். நர்சம்மா காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தால் நாங்கள் களத்தில் இருப்போம். எனவே கிராம சுகாதாரச் செவிலியர் வாரத்தில் ஒரு நாளாவது வேலை நேரத்தில் களத்துக்கு வர வேண்டும். ஸ்கேன் வசதி மரக்காணம் அரசு மருத்துவமனையில் எல்லா நாளும் கிடைக்க வேண்டும். திண்டிவனத்துக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்பினால், போய்வர வண்டியும் அன்றைய கூலியும் தர வேண்டும். கூலி போகுமே என்று ஸ்கேனைத் தள்ளிப்போடும் பெண்ணைத் திட்டுவதால் பயனில்லை.

7. முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவி எல்லோருக்கும், உரிய காலத்தில். 1927இல் சென்னைச் சட்ட மேலவையில் நுழைந்து பெண்களுக்காகப் பேசிய மருத்துவரின் பெயரில் அமைந்த திட்டம் இது. 14,000 ரூபாய் பணமும் 4,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் சேர்த்து 18,000 ரூபாய். கர்ப்ப காலத் தவணை வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே வந்தால்தான் வேலையைக் குறைக்க உதவும். பிள்ளை பிறந்தபின் வரும் பணம் கடனுக்குப் போய்விடுகிறது. எனவே முதல் தவணை ஐந்தாம் மாதம் முடிவதற்குள் கணக்கில் ஏற வேண்டும். ஆவணக் குறைக்காகத் தவணையை நிறுத்தாமல், குறையைத் தீர்க்கும் பொறுப்பை அலுவலகம் ஏற்க வேண்டும். இரண்டு பிரசவத்துக்கு மட்டும் என்ற வரம்பை உப்பளக் குடும்பங்களுக்கு நீக்க வேண்டும். மூன்றாவது பிள்ளையைச் சுமப்பவளுக்குத்தான் ரத்தமும் தெம்பும் குறைவு.

8. மழைக்காலத்துக் கர்ப்பிணிக்குக் கூடுதல் நிவாரணம். வேலையில்லாத மழை மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளருக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் தருகிறது. கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் உள்ள வீட்டுக்கு அதை இரட்டிப்பாக்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று கரையேறிய ஃபெஞ்சல் புயல் மரக்காணம் பாத்திகளை மூழ்கடித்ததை எல்லோரும் பார்த்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில் கர்ப்பிணிகளை முன்கூட்டியே பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் செல்ல, மாதவாரியான பட்டியல் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

9. கலைந்த கருவுக்கும் கணக்கு வேண்டும். கருச்சிதைவுக்கு 6 வாரச் சம்பள விடுப்பு சட்டத்தில் உள்ளது. எங்களில் பலர் சில நாளில் களத்துக்குத் திரும்புகிறார்கள். உப்பளக் கிராமங்களில் நேரும் கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த பிறப்பு ஆகியவற்றைத் தாய் செய்த வேலையோடு சேர்த்துப் பதிவு செய்து, ஆண்டுதோறும் பொதுவில் வெளியிட வேண்டும். எண்ணப்படாத இழப்புக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

10. களத்தருகே குழந்தைகள் காப்பகம். ஐந்து மாத வயிற்றோடு இரண்டு வயதுப் பிள்ளையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அங்கன்வாடி திறக்கும் நேரமும் களத்து வேலை நேரமும் பொருந்துவதில்லை. உப்புப் பருவத்தில் விடியற்காலையிலேயே திறக்கும் காப்பகங்கள் வேண்டும்.

11. கண்காணிப்புக் குழு. மாவட்ட ஆட்சியர் தலைமையில் தொழிலாளர் துறை, சுகாதாரத் துறை, உப்புத் துறை, உரிமையாளர்கள், தொழிலாளர்கள் அடங்கிய குழு அமைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை மரக்காணத்தில் கூட வேண்டும். பாதிக்குக் குறையாத இடம் களத்தில் வேலை செய்யும் பெண்களுக்குத் தர வேண்டும்.

நாங்கள் தரும் உறுதி

கேட்பதோடு நிற்கவில்லை. நாள் தள்ளிப்போனதை மறைக்காமல் மூன்றாம் மாதத்துக்குள் நர்சம்மாவிடம் பதிவு செய்வோம். இரும்புச்சத்து மாத்திரை மலம் கறுப்பாகப் போகிறது, குமட்டுகிறது என்று ஒதுக்காமல் சாப்பிடுவோம். புள்ளைத்தாச்சியின் கூடையை மற்றவர்கள் முறைவைத்துச் சுமப்போம். அவள் பங்குக் கூலியில் கைவைக்க விடமாட்டோம். மாமியாராகவும் நாத்தனாராகவும் இருக்கும் நாங்கள், "எங்க காலத்துல நாங்க சுமக்கலையா" என்ற பேச்சை விட்டொழிப்போம். சுமந்தோம், அதில் எத்தனை கரு கலைந்தது என்று எங்களுக்குத்தான் தெரியும்.

யாரிடம் என்ன கேட்கிறோம்

உப்பள உரிமையாளர்களே, நீங்கள் எங்களுக்கு அந்நியர் அல்ல. மழையும் புயலும் விலைச்சரிவும் உங்களையும் அடிக்கின்றன என்று அறிவோம். பதிவேடும் நிழற்கூடமும் மாற்று வேலையும் உங்களை நொடிக்கச் செய்யாது. அரசின் ஆணைக்குக் காத்திராமல் இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள்.

ஒன்றிய, மாநில அரசுகளே, நிலம் உங்களுடையது, சட்டம் உங்களுடையது. நிலம் ஒன்றியத்தின் பொறுப்பு, நலம் மாநிலத்தின் பொறுப்பு என்று கோப்பை மாற்றி மாற்றி அனுப்பும் காலத்தில் ஒரு கர்ப்பம் முடிந்துவிடும். இரு அரசுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும்.

மருத்துவர்களே, செவிலியர்களே, "கனமான வேலை செய்யாதே" என்று எங்களிடம் சொல்வதைச் சீட்டில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். வாய்ச்சொல்லை மேஸ்திரி கேட்கமாட்டார். சீட்டைக் காட்டினால் கேட்பார்.

பொதுமக்களே, உங்கள் சமையலறையில் உள்ள உப்பில் எங்கள் கர்ப்ப காலத்து உழைப்பும் உண்டு. உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் இந்தப் பதினோரு கோரிக்கைகளைப் பற்றிக் கேளுங்கள்.

வரும் தை மாதம் பாத்தி மிதிக்கத் தொடங்குமுன் முதல் நான்கு கோரிக்கைகளும் நடைமுறைக்கு வர வேண்டும். மற்றவற்றுக்கு ஓராண்டு கால வரம்பு வைத்து அரசு எழுத்தில் பதில் தர வேண்டும். ஐந்தாம் மாதத்துப் பெண்ணின் தலையிலிருந்து உப்புக்கூடையை இறக்குங்கள். அவள் கூலியைக் குறைக்காமல் இறக்குங்கள். அதுவரை இந்தச் சாசனத்தோடு ஒவ்வொரு அலுவலகத்துக்கும் வருவோம்.

இப்படிக்கு,
மரக்காணம் உப்பளப் பெண் தொழிலாளர்கள்